இருபத்தாறு வயதுத் தடுப்பாட்டக்காரர் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் என்.ஹெச்.எல். என்னும் உச்ச லீக்குக்கு நேர் கீழே இருப்பது ஏ.ஹெச்.எல். 1936இல் தொடங்கிய இந்த லீக்கில் இன்று 32 அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு என்.ஹெச்.எல். அணிக்கு ஆள் வளர்த்துக் கொடுக்கும் நாற்றங்கால். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அறியாத ஒரு விதி இதில் உண்டு. கோல்காப்பாளர்கள் நீங்கலாக ஓர் ஆட்டத்தில் களமிறங்கும் 18 பேரில் 13 பேர் ‘வளரும் ஆட்டக்காரர்’ என்ற கணக்கில் வர வேண்டும். அந்த 13 பேரில் 12 பேர், பருவம் தொடங்கும் நாளன்று 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. மீதி ஒருவருக்கு மட்டும் 320 வரை சலுகை. என்.ஹெச்.எல்., ஏ.ஹெச்.எல்., ஐரோப்பாவின் முதல்நிலை லீக்குகள் ஆகியவற்றின் வழக்கமான பருவ ஆட்டங்கள் எல்லாம் இந்த எண்ணிக்கையில் சேரும். ஆக, அந்த எல்லையைத் தாண்டிய அனுபவசாலிகளுக்கு ஓர் அணியில் உள்ள இடங்கள் ஐந்து. 320 சலுகையையும் சேர்த்தால் ஆறு.

ஏ.ஹெச்.எல். பருவம் 72 ஆட்டங்களைக் கொண்டது. காயங்களுக்கும், அணியில் சேர்க்கப்படாமல் மேலே உட்கார்ந்து பார்க்க நேரும் இரவுகளுக்கும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், நான்காவது பருவத்தின் முடிவில் ஒருவர் 230, 240 ஆட்டங்களைத் தொட்டுவிடுவார். கல்லூரி ஹாக்கி முடித்து இருபத்திரண்டு வயதில் வந்தவர் என்றால் அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. அவர் ஏதோ ஓர் ஏ.ஹெச்.எல். அணியின் இரண்டாவது அல்லது மூன்றாவது தடுப்பு ஜோடியில் ஆடுகிறவர். இடக்கைப் பக்கம் மட்டை பிடிப்பவர். கோல் அடிப்பதற்காக அல்லாமல் கோல் விழாமல் பார்த்துக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்குபவர். மேலிருந்து இன்னும் ஒருமுறைகூட அழைப்பு வராதவர். கோடையில் அவர் முன் ஐந்து வழிகள் இருக்கும்: என்.ஹெச்.எல். அணியோடு இருநிலை ஒப்பந்தம், ஏ.ஹெச்.எல். அணியோடு மட்டுமான ஒப்பந்தம், ஒரு படி கீழே இருக்கும் இ.சி.ஹெச்.எல்., ஐரோப்பா, அல்லது ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சியாளர் பக்கம் திரும்புவது. பிரிட்டனில் ஆடிக்கொண்டே பட்டமேற்படிப்பு படிப்பதைத் தனி வழியாகக் கொண்டால் ஆறு.

மேலே சொன்ன விதியில் ஒரு நுணுக்கத்தை முதலிலேயே கவனித்துவிட வேண்டும், ஏனெனில் மற்ற கணக்குகள் எல்லாம் அதில்தான் வந்து முட்டுகின்றன. 260 என்ற எண்ணிக்கை பருவத் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை எடுக்கப்படுகிறது. 240 ஆட்டங்களோடு அக்டோபரில் உள்ளே வருகிறவர், நவம்பர் கடைசியில் 260ஐத் தாண்டிவிட்டாலும், ஏப்ரல் வரை ‘வளரும் ஆட்டக்காரர்’தான். ஆகவே நம் ஆட்டக்காரருக்கு இந்த விதி தரும் பாதுகாப்பு நிழல் இன்னும் ஒரு பருவம் இருக்கிறது. அதற்கு மறு கோடையில் அவர் அந்த ஐந்தாறு இடங்களுக்காக, நூற்றுக்கணக்கான என்.ஹெச்.எல். ஆட்டங்கள் ஆடிவிட்டுக் கீழே வரும் முப்பது வயதுக்காரர்களோடு போட்டியிட்டாக வேண்டும். அந்த இடங்களைப் பெரும்பாலும் கோல் அடிக்கத் தெரிந்த முன்வரிசைக்காரர்களுக்கே கொடுப்பார்கள். அமைதியாக வேலை செய்யும் தடுப்பாட்டக்காரரின் பெயர் அந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும்.

அந்த அமைதியான வேலை எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஒப்பந்தங்களை எடைபோட முடியாது. டொராண்டோவில் மார்லீஸ் என்ற ஏ.ஹெச்.எல். அணியின் ஆட்டம் ஒன்றை, கோல் வலைக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டிய இருக்கையிலிருந்து பார்த்தபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. எதிரணி பக் என்னும் ரப்பர் வட்டை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது. தடுப்பாட்டக்காரர் திரும்பி, அதை எடுக்க ஓடுகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் முழு வேகத்தில் ஒருவர் வருகிறார். வட்டைத் தொடுவதற்கு முன் அவர் இரண்டு முறை தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டார். முதல் பார்வையில் துரத்துபவர் எந்தப் பக்கம் சாய்ந்து வருகிறார் என்பது தெரியும். இரண்டாவதில் தன் கூட்டாளி வலையின் மறுபுறம் வந்துவிட்டாரா என்பது தெரியும். வட்டு மட்டையில் பட்டதும் இடப்பக்கம் போவதுபோல் இடுப்பை ஒடித்துக் காட்டிவிட்டு, வந்த திசைக்கே பலகைச் சுவரை ஒட்டித் தட்டிவிட்டார். மறு நொடி அவர் முகம் கண்ணாடியில் அப்பியது. என் காப்பிக் கோப்பை குலுங்கியது. வட்டோ அதற்குள் கூட்டாளியின் மட்டைக்குப் போய், அங்கிருந்து நடுக்களத்தைத் தாண்டிவிட்டது. யாரும் கை தட்டவில்லை. புள்ளிவிவரத் தாளிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

இந்த வேலையைச் சரியாகச் செய்யப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால்தான் தடுப்பாட்டக்காரர்கள் தாமதமாக முதிர்கிறார்கள் என்று பயிற்சியாளர்கள் சொல்வது வழக்கம். 260 ஆட்ட விதி அந்த முதிர்ச்சிக்குக் காத்திருப்பதில்லை. ஒருவர் தன் தொழிலை நன்றாகக் கற்றுக்கொண்ட தருணத்திலேயே அவருக்கான நாற்காலிகள் குறைந்துவிடுகின்றன. முன்வரிசைக்காரருக்கும் இதே விதிதான் என்றாலும், அவர் பெரும்பாலும் இருபத்து மூன்றிலேயே தான் யார் என்பதைக் காட்டிவிட்டிருப்பார்.

இனி வழிகளுக்கு வருவோம். முதலாவது, இருநிலை ஒப்பந்தம். இதில் ஒருவர் என்.ஹெச்.எல். அணியோடு கையெழுத்திடுகிறார், மேலே இருக்கும் நாட்களுக்கு ஒரு சம்பளம், கீழே இருக்கும் நாட்களுக்கு இன்னொரு சம்பளம். 2025-26 பருவத்தில் என்.ஹெச்.எல். குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 டாலர். 2026-27இல் அது 8,50,000 ஆகிறது. பருவம் சுமார் 190 நாட்கள் என்பதால் பழைய கணக்கிலேயே ஒரு நாளுக்கு ஏறக்குறைய 4,000 டாலர் வருகிறது. கீழே ஆண்டுக்கு 80,000 அல்லது 90,000 டாலர் என்று எழுதியிருக்கும் ஒருவர், மேலே மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தால் ஓர் ஆண்டுச் சம்பளத்தை இன்னொரு முறை வாங்கியதுபோல் ஆகிறது. ஆட்டத்தில் இறங்காமல் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருந்தாலும் அந்த நாட்களின் கூலி வந்துவிடும். இந்த ஒப்பந்தத்தின் கவர்ச்சி முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் அழைப்பு யாருக்கு வரும் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் என்.ஹெச்.எல். அணியில் 23 பேர். அவர்களில் தடுப்பாட்டக்காரர்கள் ஏழு அல்லது எட்டு. ஓர் என்.ஹெச்.எல். நிர்வாகம் மொத்தம் 50 ஒப்பந்தங்கள்தான் வைத்திருக்கலாம் என்பதால், இருநிலை ஒப்பந்தத்தில் கீழே காத்திருக்கும் தடுப்பாட்டக்காரர்கள் இன்னொரு ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அந்தக் காத்திருப்போர் வரிசையில் முதல் இருவருக்குள் இருப்பவருக்கு ஒவ்வோர் ஆண்டும் அழைப்பு வர வாய்ப்புண்டு. மூன்றாமவருக்குக் காயங்கள் அடுக்கடுக்காக வந்தால்தான். அதற்கும் பின்னால் இருப்பவருக்கு அந்த 4,000 டாலர் ஒப்பந்தத் தாளில் அச்சடித்த எண் மட்டுமே. இளைஞர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில் முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட இருபது வயதுக்காரர் ஒருவர் வரிசையில் இருந்தால், நிர்வாகம் அவருக்குத்தான் அனுபவம் கொடுக்க விரும்பும் என்பதையும் மறக்கக் கூடாது.

இங்கே மட்டை பிடிக்கும் கையும் ஒரு விலை பெறுகிறது. இந்த ஆட்டத்தில் இடப்பக்கம் மட்டை பிடிக்கும் தடுப்பாட்டக்காரர்களே அதிகம். ஆனால் பயிற்சியாளர்கள் ஒவ்வொரு ஜோடியிலும் இடக்கைக்காரர் ஒருவரையும் வலக்கைக்காரர் ஒருவரையும் விரும்புகிறார்கள். பலகைச் சுவரோரம் வரும் வட்டை மட்டையின் உட்புறத்தால் வாங்கி, உடலைத் திருப்பாமலே முன்னே கொடுக்க அது வசதி. ஆகவே அதே திறமையுள்ள வலக்கைக்காரர் வரிசையில் இரண்டு இடம் முன்னே நிற்பார். நம் ஆட்டக்காரர் இடக்கை. இது அவருடைய தவறல்ல. சிறு வயதில் தந்தை வாங்கிக் கொடுத்த முதல் மட்டை எந்தப் பக்கம் வளைந்திருந்ததோ, அதுவே இருபது ஆண்டுகள் கழித்துச் சம்பளப் பேச்சில் வந்து உட்கார்கிறது.

காத்திருந்து வென்றவர்களின் கதைகள் இல்லாமல் இல்லை. டெரிக் எங்கலண்ட் 2003இல் தொழில்முறைக்கு வந்தபோது ஆடியது லாஸ் வேகஸ் ராங்க்லர்ஸ் என்ற இ.சி.ஹெச்.எல். அணிக்கு. அங்கிருந்து ஏ.ஹெச்.எல்., அங்கேயும் பல ஆண்டுகள். 2009 நவம்பரில், இருபத்தேழு வயதில்தான் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணிக்காக முதல் என்.ஹெச்.எல். ஆட்டம் ஆடினார். அதன்பின் 600 ஆட்டங்களுக்கு மேல் ஆடி, 2017இல் வேகஸ் நகருக்குப் புதிதாக என்.ஹெச்.எல். அணி வந்தபோது தன் பழைய ஊருக்கே திரும்பினார். ஏஜென்டுகள் இந்தக் கதையை அடிக்கடி சொல்வார்கள். கதை உண்மை. ஆனால் எங்கலண்டுக்கு ஒரு தனி அடையாளம் இருந்தது: உடல்பலத்தாலும் சண்டைக்கு அஞ்சாத குணத்தாலும் அணிக்குப் பாதுகாப்பு தருபவர் அவர். அந்த வகை ஆட்டக்காரருக்கு அந்தக் காலத்தில் அணிகள் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தன. இன்று அந்த இடம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர் காத்திருந்ததால் தனக்கும் நடக்கும் என்று ஒருவர் நினைத்தால், அவரிடம் இருந்து தன்னிடம் இல்லாதது என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழியான ஏ.ஹெச்.எல். அணியோடு மட்டுமான ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலருக்குச் சற்று மேல். என்.ஹெச்.எல். அணி அழைக்க நினைத்தால் முதலில் புதிய ஒப்பந்தம் போட வேண்டும் என்பதால், அவசரத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பும் இல்லை. பல சமயம் இந்த ஒப்பந்தத்திலேயே இ.சி.ஹெச்.எல்.லுக்கு இறக்கும் உரிமையையும் எழுதிவிடுவார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவருக்கு இது ஒரு படிக்கட்டு. நான்கு ஆண்டு முடித்தவருக்கு இதில் இருக்கும் ஒரே நன்மை, மனைவிக்கு அந்த ஊரில் வேலை இருந்தால் வீடு மாற வேண்டாம் என்பதுதான்.

இ.சி.ஹெச்.எல். வேறு வகையான வாழ்க்கை. 1988இல் தொடங்கிய லீக். இங்கும் 72 ஆட்டங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளில் மூன்று ஆட்டங்கள் ஆடுவது இங்கே சாதாரணம். ஆட்டம் முடிந்ததும் ஈரத் துணிகளைப் பையில் திணித்துவிட்டு, படுக்கைகள் அடுக்கிய பேருந்தில் ஏறி, விடியும்போது அடுத்த ஊரில் கண் விழிக்க வேண்டும். அண்மைக்காலம் வரை புதியவருக்கு வாரச் சம்பளம் 500 டாலருக்குச் சற்று மேல்தான் தொடங்கியது. அதுவும் பருவம் நடக்கும் வாரங்களுக்கு மட்டும். அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை 26 வாரம் என்று வைத்தால் 14,000 டாலர் அளவில் வருகிறது. தங்குவதற்கு வீட்டை அணியே வாடகையின்றிக் கொடுப்பதால்தான் இந்தத் தொகையில் ஒருவர் ஆட முடிகிறது. கோடையில் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும். பலர் சிறுவர்களுக்கான ஹாக்கி முகாம்களில் கற்றுக்கொடுத்து அந்த மாதங்களை ஓட்டுகிறார்கள்.

பணத்தைவிட நம் ஆட்டக்காரரை இங்கே அதிகம் பாதிக்கக்கூடியது நிச்சயமின்மை. ஓர் இ.சி.ஹெச்.எல். அணி, மேலே உள்ள அணிகளோடு இணைப்பு வைத்திருக்கிறது. மேலிருந்து இளைஞர் ஒருவரை ஆட வைக்கச் சொல்லி அனுப்பினால் அவருக்கு இடம் கொடுத்தாக வேண்டும். அந்த இடம் யாரோ ஒருவரிடமிருந்துதான் எடுக்கப்படும். இங்கும் 260 ஆட்டங்களைத் தாண்டியவர்கள் ஓர் ஆட்டத்தில் நால்வர்தான் இறங்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இ.சி.ஹெச்.எல்.லில் ஆடும் ஆட்டங்கள் ஏ.ஹெச்.எல்.லின் 260 கணக்கில் சேர்வதில்லை. இருபத்து மூன்று வயதில், ஏ.ஹெச்.எல்.லில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருப்பதைவிட இங்கே வந்து இரவுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆடுவது மேல் என்று நான் நினைப்பதற்கு அது ஒரு காரணம். 25 ஆட்டங்களுக்கான தற்காலிக ஒப்பந்தத்தில் ஏ.ஹெச்.எல். அணிகள் இங்கிருந்து ஆட்களை எடுப்பது ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கிறது. இந்த லீக்கில் ஆடிவிட்டு என்.ஹெச்.எல். வரை போனவர்கள் 700க்கும் மேல். இருபத்தாறில், அந்தக் கணக்கின் பெரும்பங்கை ஏற்கெனவே செலவழித்துவிட்டவருக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

இனி ஐரோப்பா. இதைப் பற்றி வட அமெரிக்க ஆட்டக்காரர்களிடம் ஒரு பழைய தயக்கம் இருக்கிறது: கடலைத் தாண்டியவனை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்பது. அந்தத் தயக்கத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. ஆனால் அதற்கு எதிரான சாட்சியும் உண்டு, அதுவும் ஒரு தடுப்பாட்டக்காரரிடமிருந்தே. டொராண்டோவில் பிறந்த மார்க் ஜியோர்டானோவை எந்த என்.ஹெச்.எல். அணியும் தேர்வு நாளில் எடுக்கவில்லை. 2004இல் கால்கரி ஃபிளேம்ஸ் ஒப்பந்தம் கொடுத்தது, அதன் ஏ.ஹெச்.எல். அணிகளில் ஆடி, 2006-07இல் மேலே 48 ஆட்டங்கள் ஆடினார். அடுத்த கோடையில் மீண்டும் இருநிலை ஒப்பந்தம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு ரஷ்யாவின் டைனமோ மாஸ்கோவுக்குப் போனார். ஓர் ஆண்டு கழித்து அதே கால்கரி அவரைத் திரும்ப அழைத்து மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. 2013இல் அணித்தலைவர், 2019இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பை. இதை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது, அவர் ஏற்கெனவே 48 ஆட்டங்கள் மேலே ஆடியவர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. நம் ஆட்டக்காரருக்கு அது இல்லை. ஆகவே அவர் திரும்பி வருவதற்காக ஐரோப்பா போகக் கூடாது. அங்கே ஒரு தொழில்வாழ்க்கை இருக்கிறது என்று நம்பிப் போக வேண்டும்.

ஐரோப்பா என்பது ஒரே இடம் அல்ல. சுவிட்சர்லாந்தின் உச்ச லீக் நல்ல பணம் தருகிறது. ஆனால் ஓர் ஆட்டத்தில் ஆறு வெளிநாட்டவர்களுக்கு மட்டுமே இடம், அதுவும் 2022-23இல்தான் நான்கிலிருந்து ஆறாக உயர்ந்தது. அந்த இடங்கள் என்.ஹெச்.எல். பெயர் பெற்றவர்களுக்கே போகும். சுவீடன், பின்லாந்து லீக்குகள் தரத்தில் உயர்ந்தவை. சொந்த நாட்டிலேயே நல்ல தடுப்பாட்டக்காரர்களைக் கொத்துக்கொத்தாக வளர்ப்பவர்கள் அவர்கள் என்பதால், வெளியிலிருந்து எடுத்தால் ஆட்டத்தை நடத்தும், வட்டை வேகமாகக் கொண்டு செல்லும் ஆளைத்தான் தேடுவார்கள். நம் ஆட்டக்காரரைப் போன்றவருக்கு மிகவும் பொருந்துவது ஜெர்மனியின் டி.இ.எல். என்றே நான் நினைக்கிறேன். அது கிடைக்காவிட்டால் ஆஸ்திரியாவை மையமாகக் கொண்ட லீக், அல்லது ஸ்லோவாக்கியா.

டி.இ.எல்.லில் 14 அணிகள், 52 ஆட்டங்கள். பெரும்பாலும் வெள்ளியும் ஞாயிறும். இடைப்பட்ட நாட்களில் பயிற்சி. பயிற்சிக்குப்பின் வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூங்க வைக்கலாம். நான்கு ஆண்டுகளாக 72 ஆட்டப் பருவங்களைத் தாங்கிய முழங்காலுக்கு இதன் அருமை தெரியும். சம்பளம் பொதுவாக வரி போகக் கைக்கு வரும் தொகையாகப் பேசப்படும். அதோடு வீடு, கார், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை அணியே பார்த்துக்கொள்வது வழக்கம். ஏ.ஹெச்.எல். அடிப்படைச் சம்பளத்தில் ஒருவர் வாடகையும் காரும் கட்டிய பிறகு மிச்சம் பிடிப்பதோடு இதை ஒப்பிட்டால், எண்கள் அருகருகே இருப்பதுபோல் தோன்றினாலும் சேமிப்பு வேறாக இருக்கும்.

குறைகளும் கனமானவை. ஐரோப்பியப் பனிக்களம் மரபுப்படி 30 மீட்டர் அகலம். வட அமெரிக்கக் களம் 26. பார்ப்பதற்கு நான்கு மீட்டர்தான். தடுப்பாட்டக்காரருக்கு அது புதிய தொழில். எதிராளியைப் பலகைச் சுவரோரம் நெருக்கி முடிப்பதற்குப் பழகியவர், அங்கே அப்படி வெளியே போனால் நடுவில் விட்ட இடைவெளியில் கோல் விழுந்துவிடும். உடலால் மோதுவதைக் குறைத்து, மட்டையை நீட்டி, கோணத்தால் அடைக்கக் கற்க வேண்டும். இதைக் கற்க இரண்டு மாதம் ஆகும். வெளிநாட்டவருக்கு இரண்டு மாதப் பொறுமையை எல்லா நிர்வாகமும் தராது. உள்ளூர்க்காரர் சொதப்பினால் அவருக்கு மோசமான வாரம். வெளிநாட்டவர் சொதப்பினால் அந்த இடத்தில் இன்னொரு வெளிநாட்டவரைக் கொண்டுவரலாமே என்ற பேச்சு உடனே எழும்.

இன்னொன்று, தரமிறக்கம். வட அமெரிக்காவில் கடைசி இடத்தில் முடித்த அணி அடுத்த ஆண்டும் அதே லீக்கில் இருக்கும். ஜெர்மனியில் அப்படி இல்லை. 2022இல் க்ரேஃபெல்ட் கீழே இறங்கியது; 2025இல் எட்டு முறை சாம்பியனான டுசல்டோர்ஃப் இறங்கி, டிரெஸ்டன் மேலே வந்தது. அணி இறங்கினால் ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டு என்னவாகும் என்பதைக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெயர் பெரிதாக இருக்கிறது என்பதால் அணி இறங்காது என்று எவரும் இனி சொல்ல முடியாது.

இதற்கிடையில் ஒரு சிறிய விஷயம் எல்லாக் கணக்கையும் தலைகீழாக மாற்றிவிடக்கூடும்: பாட்டனார் யார் என்பது. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஜெர்மன் வம்சாவளியினர் ஏராளம். ஒருவரால் ஜெர்மன் குடியுரிமை பெற முடிந்தால், அவர் வெளிநாட்டவர் ஒதுக்கீட்டில் வரமாட்டார். அதே ஆள், அதே திறமை, ஆனால் அணிக்கு அவர் இரட்டிப்பு மதிப்புள்ளவர். சஸ்காட்செவன் பண்ணை வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடி எடுப்பதுகூடத் தொழில்வாழ்க்கைத் திட்டத்தில் ஒரு பகுதிதான்.

பிரிட்டனின் எலைட் லீக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2003இல் தொடங்கியது, பெல்ஃபாஸ்ட், கார்டிஃப், ஷெஃபீல்ட், நாட்டிங்ஹாம் உள்ளிட்ட பத்து அணிகள். ஆட்டத் தரத்தில் இது ஜெர்மனிக்குக் கீழே, சம்பளமும் அப்படியே. ஆனால் பல அணிகள் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களோடு ஏற்பாடு வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர் ஆடிக்கொண்டே முதுகலைப் பட்டம் படிக்க வழி செய்கின்றன. மொழிப் பிரச்சினை இல்லை. இருபத்தொன்பது வயதில், உடல் இன்னும் ஆடத் தயாராக இருந்தும் மேலே போக முடியாது என்று மனம் ஒப்புக்கொண்டவருக்கு இதைவிட நல்ல இறங்குதுறை இல்லை. இருபத்தாறில் போனால் அது சீக்கிரம். அங்கிருந்து ஜெர்மனிக்கு ஏறுவது, ஏ.ஹெச்.எல்.லிலிருந்து ஜெர்மனிக்குப் போவதைவிடக் கடினம்.

கடைசியாக, மட்டையை வைத்துவிடுவது. இதைத் தோல்வி என்று பேசுகிறவர்கள் ஜேரட் பெட்னாரை மறந்துவிடுகிறார்கள். அவர் என்.ஹெச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடாத தடுப்பாட்டக்காரர். சவுத் கரோலினா ஸ்டிங்ரேஸ் அணியில் ஆடி 1997இலும் 2001இலும் இ.சி.ஹெச்.எல். பட்டமான கெல்லி கோப்பையை வென்றார். 2002இல் ஆட்டத்தை நிறுத்திய கையோடு அதே அணியில் துணைப் பயிற்சியாளரானார். தலைமைப் பயிற்சியாளராக 2009இல் அதே கோப்பை, 2016இல் லேக் ஈரி மான்ஸ்டர்ஸ் அணியோடு ஏ.ஹெச்.எல்.லின் கால்டர் கோப்பை, 2022இல் கொலராடோ அவலாஞ்ச் அணியோடு என்.ஹெச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பை. மூன்று லீக்குகளிலும் தலைமைப் பயிற்சியாளராகப் பட்டம் வென்ற முதல் ஆள் அவர்தான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவருக்கு முதல் வேலை கிடைத்தது அவர் பல ஆண்டுகள் ஆடி, ஊருக்கே தெரிந்தவராக இருந்த இடத்தில். ஆண்டுக்கு ஓர் அணி என்று மாறிக்கொண்டே இருப்பவருக்கு அந்த நற்பெயர் சேர்வதில்லை. பயிற்சியாளராகும் எண்ணம் உண்மையிலேயே இருப்பவருக்கு, நான் மேலே குறை சொன்ன இ.சி.ஹெச்.எல். திடீரென்று நல்ல வழியாக மாறுகிறது.

ஏ.ஹெச்.எல்.லிலேயே வாழ்ந்து முடித்தவரும் இருக்கிறார். ஒண்டாரியோவின் வாவா என்ற சிற்றூரிலிருந்து வந்த பிரையன் ஹெல்மர், எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்படாதவர். அந்த லீக்கில் 1,117 ஆட்டங்கள் ஆடி, தடுப்பாட்டக்காரர்களில் மிக அதிகப் புள்ளிகளாக (அடித்த கோல்களும் கோலுக்குச் செய்த உதவிகளும் சேர்த்து) 564 எடுத்து, மூன்று கால்டர் கோப்பைகள் வென்று, 2017இல் லீக்கின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். பின்னர் ஹெர்ஷி பேர்ஸ் நிர்வாகத்தில் உயர் பொறுப்புக்கும் வந்தார். ஐந்தாறு அனுபவசாலி இடங்களில் ஒன்றை ஆண்டுதோறும் பிடித்துக்கொண்டிருந்தவர் என்று இதற்குப் பொருள். அவர் பிடித்ததற்குக் காரணம் அந்தப் புள்ளிகள். எதிரணியில் ஒருவர் தண்டனையால் வெளியே இருக்கும் நேரத்தில் கோலுக்கு வழி திறந்துவிடும் கைத்திறன் அவருக்கு இருந்தது. அமைதியான வேலை மட்டும் தெரிந்தவருக்கு அந்த இடம் கிடைக்காது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், நம் ஆட்டக்காரருக்கு நான் சொல்வது ஜெர்மனி. அதுவும் இந்தக் கோடையிலேயே, 260 கணக்கில் இன்னும் நிழல் மிச்சமிருக்கும்போதே. அடுத்த கோடை வரை காத்தால், ஏ.ஹெச்.எல். அவரை வேண்டாம் என்று சொன்ன பிறகு ஐரோப்பாவைக் கேட்பவராக ஆகிவிடுவார். இப்போது போனால், ஏ.ஹெச்.எல். இருக்கச் சொல்லியும் வந்தவர். பேரம் பேசும் மேசையில் இரண்டும் ஒன்றல்ல. விதிவிலக்கு ஒன்றே: காத்திருப்போர் வரிசையில் அவரை முதல் இருவருக்குள் வைக்கும் என்.ஹெச்.எல். அணி ஒன்று இருக்க வேண்டும். அதைத் தொலைபேசியில் சொன்னால் போதாது, கீழ்நிலைச் சம்பளத்தில் காட்ட வேண்டும். கீழே ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலர் தர முன்வரும் அணி ஒருவரை அழைக்க நினைக்கிறது. 85,000 தரும் அணி பட்டியலை நிரப்புகிறது.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. இருபத்தைந்து வயதைக் கடந்து, மூன்று தொழில்முறைப் பருவங்கள் முடித்து, 80 என்.ஹெச்.எல். ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடியவர், ஒப்பந்தம் முடிந்ததும் எந்த அணியோடும் பேசலாம். ஆனால் அந்தச் சந்தை திறப்பது ஜூலை 1. ஐரோப்பிய அணிகளோ வசந்த காலத்திலேயே வெளிநாட்டு இடங்களை நிரப்பத் தொடங்கிவிடும். நல்ல ஜெர்மன் அழைப்பு மே மாதத்தில் வரும், பத்து நாளில் பதில் கேட்கும். ஜூலை 1 அன்று மாலை, எந்த என்.ஹெச்.எல். அணியும் அழைக்காத தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த இடம் இன்னொருவருடையதாகியிருக்கும். ஆகவே மே மாதத்தில் ஏஜென்டிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: குறிப்பிட்ட தேதிக்குள் என்.ஹெச்.எல். அழைத்தால் விலகிக்கொள்ளலாம் என்ற பிரிவை ஜெர்மன் அணி ஒப்பந்தத்தில் எழுதித் தருமா. அந்தத் தேதி ஜூலை 1க்குப் பின்னால் எத்தனை நாள் இருக்கும். இரண்டு வாரம் கிடைத்தால் கையெழுத்திட்டுவிடலாம்.